நடுவில் ஒரு பெட்டி

மட்டாஞ்சேரி
9 ஜூன் 2025

அம்மு அப்பாவுக்கு,

நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்குக் கிளம்பிய அன்று நான் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. அம்மு ஒன்றாம் வகுப்பில் சேருகிறவரை கரையில்தான் இருப்பேன் என்று சொன்ன மனிதர், பள்ளிக்கூடம் திறக்க ஒரு மாதம் இருக்கும்போது போனால் யார்தான் வாசலுக்கு வந்து வழியனுப்புவார்கள்? அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் இது அதைப் பற்றிய கடிதம் இல்லை.

சனிக்கிழமை காலையில் அம்முவின் காது மெஷின் நின்றுவிட்டது. பேட்டரி மாற்றினேன், கம்பி மாற்றினேன், அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். விளக்கு எரியவே இல்லை. தேவராவில் அம்மு பேச்சு பழகுகிற சென்டருக்கு ஓடினேன். ஆபரேஷனில் தலைக்குள் வைத்த பாகம் நன்றாக இருக்கிறதாம். வெளியே மாட்டுகிற மெஷின்தான் ஈரம் புகுந்து செத்துவிட்டது. இந்த மழையில் எதற்குள்தான் ஈரம் புகவில்லை.

ஆபரேஷனுக்கு உதவிய டிரஸ்ட்டில் மாற்று மெஷின் கொடுப்பார்கள். அதற்கு அவர்களுடைய வெப்சைட்டில் அம்முவின் கணக்கைத் திறந்து நாம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஜூன் முப்பதுக்குள் போனால் இந்த முறையே வரும். விட்டால் ஓணம் கழிந்துதான். "அதுவரைக்கும் சத்தமே கேக்காம இருந்தா, அம்மு மோளு படிச்ச வார்த்தையெல்லாம் பின்னால போயிடும்" என்று ஸ்பீச் டீச்சர் பாக்கியலக்ஷ்மி சொன்னார். சும்மா பயமுறுத்துகிறவர் இல்லை அவர்.

பாஸ்வேர்ட் மேனேஜர் என்று ஒன்றை என் போனில் ஏற்றிவிட்டு, "நீ ஒரே ஒரு வார்த்தையை ஞாபகம் வச்சுக்கோ, மிச்சத்தை ஆப் பார்த்துக்கும்" என்று பெரிதாகச் சொன்னீர்களே. அதுவும் பார்த்தது. விவரங்கள் பொருந்தவில்லை என்று வந்தது. மூன்று தரம் அழுத்தினேன். ஒரு நாளைக்குக் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். என்ன செய்வது என்று எழுதுங்கள்.

சாயங்காலம் ஆனால் அம்மு வாசலில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக் காட்டுகிறாள். எஞ்சின் ரூமில் நீங்கள் மாட்டுகிற காதுமூடி. நீங்கள் சொல்லிக்கொடுத்த சைகைதானே, அதுதான் அவளுக்கு அப்பா. நான் கடல் பக்கம் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.

இசக்கிசெல்வி


கப்பலிலிருந்து
11 ஜூன் 2025

செல்வி,

மெயில் வந்திருக்கிறது என்று கேப்டன் ஆபீசில் கூப்பிட்டார்கள். உன் பெயரைப் பார்த்ததும் கையிலிருந்த சாயாவை அங்கேயே வைத்துவிட்டேன். படித்த பிறகு அதை எடுக்கத் தோன்றவில்லை. எனக்கு மலையாளத்தில் என்றால் வேகமாக எழுத வரும். உனக்கு அது படிக்க வராது என்று தமிழிலேயே தட்டுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் ஒரு காரியம். இங்கே எங்களுக்கு எழுத்து மெயில் மட்டும்தான். போன் கிடையாது, எந்த வெப்சைட்டும் திறக்காது. இந்த மெயிலும் கேப்டனின் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகிறது. அதனால் பாஸ்வேர்ட் எதையும் இதில் எழுதாதே. மற்றதை எல்லாம் எழுதலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ அவசரத்தில் கையால் தட்டியிருப்பாய். கையால் தட்டாதே. அந்தப் பக்கத்தில் இரண்டே பெட்டிதான். மேலே குழந்தையின் நம்பர், கீழே பாஸ்வேர்ட். ஆப்பின் சின்னத்தை அழுத்தினால் இரண்டும் தானாக நிரம்பும். பிறகு ஒரே ஒரு அழுத்து. நான் எத்தனையோ முறை செய்திருக்கிறேன், ஒரு நிமிஷம்கூட ஆகாது. பதறாதே.

அம்மு காதைப் பொத்திக் காட்டும்போது கடலைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடாதே. கொஞ்ச நேரம் அவளோடு உட்கார்.

சுதர்ஷன்


மட்டாஞ்சேரி
13 ஜூன் 2025

அம்மு அப்பாவுக்கு,

கையால் தட்டாதே, பதறாதே, உள்ளே போகாதே. கப்பலில் இருந்துகொண்டு உத்தரவு போடுவதற்கு நன்றாகத்தான் இருக்கும்.

இரண்டு பெட்டி இல்லை. மூன்று. மேலே குழந்தையின் நம்பர், நடுவில் குடும்பப் பெயர், கீழே பாஸ்வேர்ட். உங்கள் ஆப் செய்கிற வேலையைக் கேளுங்கள். நம்பரைக் கொண்டுபோய் நடுப்பெட்டியில் போடுகிறது, மேலே இருப்பதைக் காலியாக விடுகிறது. நான் நம்பரை எடுத்து மேலே மாற்றிவிட்டு நடுவில் உங்கள் பெயரைப் போட்டேன். தப்பு. உங்கள் அப்பா வெங்கிடாசலம் பெயரைப் போட்டேன். அதுவும் தப்பு. அம்மு என்று போட்டேன். அப்போதுதான் பூட்டினார்கள். மறுநாள் திறப்பதற்கு ஒரு நம்பர் போனுக்கு வந்தது. அதை அடித்துத் திறந்தேன். கூடவே எச்சரிக்கை வந்தது. இனி இரண்டு தரம் தவறினால் கணக்கை அடியோடு முடக்கிவிடுவார்களாம். பிறகு அப்பா, அம்மா இரண்டு பேரும் குழந்தையோடு நேரில் வந்தால்தான் திறப்பார்களாம். நீங்கள் டிசம்பரில்தானே வருகிறீர்கள்?

பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா என்று கீழே ஒரு வரி இருக்கிறது. அதைத் தொட்டால் அதுவும் குடும்பப் பெயரைத்தான் கேட்கிறது. சென்டரில் கேட்டேன். அவர்களுக்கு அது தெரியாதாம்.

மனதில் கிடப்பதை எழுதிவிடுகிறேன். நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் சண்டையில், அம்முவைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர் வள்ளியூருக்கே போய்விடுவேன், சென்டரைத் திருநெல்வேலிக்கு மாற்றிக்கொள்வேன் என்றேன். அதுவும் இந்த வெப்சைட்டில்தான் மாற்ற வேண்டும். அதைத் தடுப்பதற்காகப் போகிற போக்கில் எதையாவது மாற்றிவைத்துவிட்டுப் போனீர்களா? ஆம் என்றால் ஆம் என்று எழுதுங்கள். சண்டை எல்லாம் பிறகு. பிள்ளைக்குக் காது கேட்க வேண்டும்.

அவள் "தண்ணி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நேற்றிலிருந்து டம்ளரைக் காட்டுகிறாள்.

இசக்கிசெல்வி


கப்பலிலிருந்து
15 ஜூன் 2025

செல்வி,

நீ அப்படிக் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. நான் எதையும் மாற்றவில்லை. நீ வள்ளியூர் போய்விடுவாய் என்ற பயம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அதற்காக என் பிள்ளையின் காதைப் பூட்டிவைப்பேன் என்று நீ நினைக்கிற அளவுக்கு நான் ஆகிவிட்டேனா? எஞ்சின் ரூமில் இறங்கின பிறகும் அதே நினைப்பு. ஒரு வால்வை இரண்டு தரம் திறந்து மூடினேன். கூட வேலை செய்கிறவன் தோளைத் தட்டினான்.

ஆனால் மூன்று பெட்டி என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நாலு வருஷமாக என் லேப்டாப்பில் நான் பார்த்தது இரண்டு பெட்டிதான். நீ வேறு ஏதோ வெப்சைட்டுக்குப் போயிருக்கிறாய். இப்படிப் போலியாக நிறைய உண்டு. மேலே முகவரியைப் பார். ஆப் வைத்திருக்கிற முகவரியும் அதுவும் ஒன்றுதானா என்று பார்க்காமல் இனி எதையும் நிரப்பாதே.

இன்னொன்று. போனுக்கு வந்த நம்பரை அடித்தபோது, பாஸ்வேர்டை மாற்றவா என்று ஆப் கேட்டதா? நீ சரி என்று அழுத்தினாயா? அழுத்தியிருந்தால் பழைய பாஸ்வேர்ட் போயிருக்கும்.

சுதர்ஷன்


மட்டாஞ்சேரி
17 ஜூன் 2025

அம்மு அப்பாவுக்கு,

கேட்டது. அழுத்தினேன். ஒரு மெஷின் மரியாதையாகக் கேட்கும்போது சரி என்று சொல்லாமல் என்ன செய்வார்கள்? உங்கள் பாஸ்வேர்ட் இருந்த இடத்தில் அந்த ஆறு இலக்க நம்பர் உட்கார்ந்திருந்தது. ஆப்பை மேலும் கீழும் தடவித் தடவிப் பார்த்ததில், பழைய பாஸ்வேர்ட்கள் என்று ஒரு இடம் இருப்பதைக் கண்டுபிடித்தேன். அங்கே உங்களுடையது பத்திரமாக இருந்தது. எடுத்துத் திரும்ப வைத்துவிட்டேன். அதைப் பற்றி இனிப் பேச வேண்டாம்.

முகவரியையும் பார்த்தேன். ஒரே முகவரிதான். நான் போலி வெப்சைட்டில் போய் விழவில்லை. சென்டரில் யூசுப் என்று ஒருவர் வருவார், பள்ளுருத்திக்காரர், அவர் மகனுக்கும் இதே மெஷின். அவர் போனில் அவர்கள் கணக்கைத் திறந்து காட்டச் சொன்னேன். "சேச்சி, எனக்கும் மூணு கட்டம்தான். இந்த கம்ப்யூட்டரை ஞாபகத்துல வைக்கட்டான்னு ஒண்ணு கேக்கும். அதுல டிக் போட்டா நடுவுல உள்ளதை அது தானே வச்சுக்கும், பிறகு காட்டாது. உங்க சேட்டன் டிக் போட்டிருப்பார்" என்றார். நீங்கள் ஒரே ஒரு தரம் கையால் அடித்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி உங்கள் கண்ணிலேயே படவில்லை. ஆப் வாங்கி வைத்தது இரண்டைத்தான். மூன்றாவதை வைத்திருந்த லேப்டாப்பை மார்ச்சில் துடைத்துச் சுத்தமாக்கி விற்றுவிட்டீர்கள்.

யூசுப் அவருடைய வீட்டுப் பெயரைப் போட்டிருக்கிறாராம். "உங்க வீட்டுப்பேரு என்னா?" என்று என்னைக் கேட்டார். இங்கே எல்லோருக்கும் ஒரு வீட்டுப் பெயர் இருக்கிறது. நமக்கு வீடே வாடகை. நீங்கள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவராயிற்றே, ஊர் வழக்கப்படி போட்டிருப்பீர்களோ என்று வாசல் கேட்டில் எழுதியிருக்கிற பெயரைப் போட்டுப் பார்த்தேன். தப்பு.

இனி ஒரே ஒரு தரம்தான். நமக்கு என்ன குடும்பப் பெயர் இருக்கிறது? முன்னால் ஒரு எழுத்து, பின்னால் நம் பேர், அவ்வளவுதானே. அந்தப் பெட்டியில் என்ன போட்டீர்கள்?

இசக்கிசெல்வி


கப்பலிலிருந்து
19 ஜூன் 2025

செல்வி,

மூன்று பெட்டிதான். நீ சொன்னது சரி. போலி வெப்சைட் என்று எழுதியதை மறந்துவிடு.

என்ன போட்டேன் என்று ஞாபகம் இல்லை. இதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து அம்மு வார்டில் இருந்தாள், நீ அவள் பக்கத்தில். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்துப் பதிவு செய்தேன். நடுப்பெட்டியைக் காலியாக விட்டால் மேற்கொண்டு போக விடவில்லை, அது ஞாபகம் இருக்கிறது. ஒரு புள்ளி வைத்தேன், ஏற்கவில்லை. என் இனிஷியலைப் போட்டேன், ஒரு எழுத்து போதாது என்றது. டிரஸ்ட்காரர் தலைக்கு மேலே நின்று "வேகம், வேகம்" என்றார். ஏதோ போட்டேன். போய்விட்டது. அத்தோடு மறந்தும் போனேன்.

வெங்கிடாசலம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நீ அதைப் போட்டுத் தப்பாகியிருக்கிறது. தாத்தா பெயரா? தெரு பெயரா? ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கும்போது எல்லாமே சரி மாதிரி இருக்கிறது, ஒன்றுமே சரியில்லை மாதிரியும் இருக்கிறது. நான் எழுதும்வரை அந்தக் கடைசித் தரத்தைத் தொடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

இங்கே எஞ்சின் ரூமில் எல்லோரும் கையால்தான் பேசுகிறோம். அம்முவுக்கும் எனக்கும் உள்ள சைகைகளைக் கூட வேலை செய்கிறவர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தண்ணீருக்கு அவள் காட்டுகிற சைகையைத்தான் இப்போது எல்லோரும் காட்டுகிறார்கள். அதைப் பார்க்கும்போது சந்தோஷமா துக்கமா என்று எனக்கே தெரியவில்லை.

சுதர்ஷன்


மட்டாஞ்சேரி
21 ஜூன் 2025

அம்மு அப்பாவுக்கு,

தொடவில்லை. தொட எனக்குத் தைரியமும் இல்லை.

நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். வகுப்பில் மற்ற பிள்ளைகள் எல்லாம் வெளியே ஓடிய பிறகும் அம்மு பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறாளாம். பெல் அடித்தது அவளுக்கு எப்படித் தெரியும்? டீச்சர் நல்லவர்தான். ஆனாலும், "கொஞ்ச நாள் வீட்டுல இருக்கட்டுமே" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பஜார் வழியாக அவளை நடத்திக் கூட்டிவரும்போது பின்னால் லாரி ஹார்ன் அடித்தது. அவள் திரும்பவில்லை. இழுத்துக்கொண்டேன். மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் என்னைத் திட்டினார்கள்.

"அம்மா" என்று சொல்வதும் குறைந்துவிட்டது. என் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள்.

நீங்கள் உங்கள் அப்பா, உங்கள் தாத்தா, உங்கள் தெரு என்று வரிசையாக யோசித்துக்கொண்டிருங்கள். வேறு எதை யோசிப்பீர்கள்? வாடகைச் சீட்டு உங்கள் பெயர், கேஸ் உங்கள் பெயர், ரேஷன் கார்டில் உங்கள் அம்மா பெயர். என் ஆதாரைத் தவிர இந்த வீட்டில் என் பெயர் எழுதியிருக்கிற ஒரு காகிதம் காட்டுங்கள் பார்ப்போம். சமைக்க, ஓட, ஆஸ்பத்திரியில் படுக்க, டீச்சரிடம் பேச்சுக் கேட்க மட்டும் நான் வேண்டும். கப்பலுக்குப் போகட்டுமா என்றுகூட என்னிடம் கேட்கவில்லை, போகிறேன் என்று சொன்னீர்கள், அவ்வளவுதான். இதை எழுதக்கூடாது என்று இத்தனை நாள் அடக்கிவைத்திருந்தேன். எழுதிவிட்டேன்.

முப்பதாம் தேதி திங்கட்கிழமை வருகிறது. வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன். அதற்குள் உங்களுக்கு ஞாபகம் வரவில்லை என்றால் எதையாவது போட்டுவிடுவேன்.

இசக்கிசெல்வி


கப்பலிலிருந்து
24 ஜூன் 2025

செல்வி,

உன் கடிதத்தை இரண்டாவது முறை படிக்கும்போது ஒரே ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். உன் பெயர் எழுதியிருக்கிற ஒன்றைக் காட்டச் சொல்லியிருந்தாய். இருந்தது செல்வி. அம்முவின் கையில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டை கட்டியிருந்தார்களே. அதில் அவள் பெயர், அதற்குப் பக்கத்தில் பைஸ்டாண்டர், அதாவது கூட இருக்கிற ஆள் யாரோ அவர் பெயர். நீதான் கூட இருந்தாய். வந்த நாளிலிருந்து அந்தக் கட்டிலை விட்டு நீ இறங்கவில்லை, குளிக்கப் போனதுகூட பாக்கியலக்ஷ்மி டீச்சர் வந்து உட்கார்ந்த பிறகுதான். நான் வராந்தாவில் பெட்டி நிரப்பத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது டிரஸ்ட்காரர், "பட்டையில என்ன இருக்கோ அதையே போடு, பிறகு பிரச்சினை வராது" என்றார். நான் எழுந்து வந்து அம்முவின் கையைத் திருப்பிப் பார்த்தேன். நீ, "என்ன?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்லை" என்றேன். திரும்பிப் போய் அதையே போட்டேன். இசக்கிசெல்வி.

இத்தனை நாள் எனக்கு இது ஏன் வரவில்லை என்று கேட்பாய். குடும்பப் பெயர் என்றதும் நீ சொன்ன மாதிரியே என் அப்பா, என் தாத்தா என்று போய்க்கொண்டிருந்தேன்.

நூற்றுக்கு நூறு நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். அவள் கையைத் திருப்பியது நிச்சயம். அது பதிவு செய்யும்போதுதானா, வேறு நேரத்திலா என்று நினைக்க நினைக்கச் சந்தேகம் வருகிறது. ஆனால் போட வேறு பெயர் எனக்கு இல்லை. மேலே நம்பரை நீயே மாற்றி வை, நடுவில் உன் பெயரைப் போடு, கீழே ஆப் போட்டதைத் தொடாதே. மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்.

தப்பாகிப்போனால் அடுத்த துறைமுகத்தில் வேலையைப் பாதியில் முடித்து சைன் ஆஃப் கேட்டு இறங்கி வந்துவிடுவேன். கம்பெனி மறுபடி கூப்பிடாது, பரவாயில்லை. இரண்டு பேரும் நேரில் வர வேண்டும் என்றால் நேரில் போவோம். கேப்டனிடம் சொல்லிவிட்டேன்.

சுதர்ஷன்


மட்டாஞ்சேரி
27 ஜூன் 2025

அம்மு அப்பாவுக்கு,

அது என் பெயர்தான்.

காலையில் அம்முவுக்குத் தலை வாரிவிட்டு, அவளை மடியில் வைத்துக்கொண்டே போட்டேன். நம்பரை மேலே நகர்த்தினேன். நடுவில் என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வைத்தேன். என் பெயரையே தப்பாக எழுதிவிடுவேனோ என்று பயமாக இருந்தது, ஆதாரை எடுத்துப் பார்த்துப் பார்த்து வைத்தேன். அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் வணக்கம் என்று போட்டு, பக்கத்தில் அம்மு இசக்கிசெல்வி என்று இருந்தது. நாலு வருஷமாக அவள் அந்தப் பெயரில்தான் அங்கே இருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

விண்ணப்பம் போய்விட்டது. இரண்டு மூன்று வாரத்தில் மெஷின் வரும் என்று சென்டரில் சொன்னார்கள். போன வார்த்தைகள் திரும்ப வருமா என்று கேட்டேன். "வரும், ஆனா முதல்ல இருந்து உக்காரணும்" என்றார் பாக்கியலக்ஷ்மி டீச்சர். உட்கார்வோம்.

ஆப்பில் நடுப்பெட்டிக்கும் ஒரு இடம் உண்டாக்கி அந்தப் பெயரைச் சேர்த்துவைத்தேன். மறுபடி திறந்து பார்த்தேன், மூன்றையும் சரியாக நிரப்புகிறது.

அந்தப் பக்கத்திலேயே சென்டர் மாற்றுவதற்கு ஒரு பொத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்தவில்லை. இனியும் அழுத்த மாட்டேன் என்று எழுதித் தர இப்போது என்னால் முடியாது. இன்றைக்கு அழுத்தவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தப்பானால் இறங்கி வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், தப்பாகட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு எனக்கு அப்படி ஒரு நினைப்பு. எவ்வளவு பெரிய பாவம் என்று தெரியும். கண்ணைத் திறந்தபோது சந்தோஷத்தில்தான் அழுதேன். ஆனால் முழுவதும் அதற்காக இல்லை.

எல்லாம் முடிந்ததும் அவளுக்கு எப்படியாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. மெஷின் வருகிறது, அப்பாதான் கண்டுபிடித்தார் என்று. எனக்கு உங்கள் சைகையெல்லாம் தெரியாது. இரண்டு காதையும் பொத்திக் காட்டினேன், அப்பா என்று. அவள் முகம் மலர்ந்து, மடியிலிருந்து குதித்து வாசலுக்கு ஓடினாள். "ஏட்டி, அப்பா வரல, கடல்லதான் இருக்காவ" என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

இந்தத் தடவை நான் உள்ளே போய்விடவில்லை. பக்கத்தில்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மழை பெய்கிறது. அவள் இன்னும் கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இசக்கிசெல்வி